மூன்று வாய்ப்புகளின் ஆட்டம்: ரான் லங்காஸ்டரை முன்வைத்துக் கனடிய ஃபுட்பால் ஓர் அறிமுகம்

333, 396. கனடிய ஃபுட்பாலில் பந்தை எறியும் ஆட்டக்காரராகப் புகழ்பெற்ற ரான் லங்காஸ்டரைப் பற்றிய எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் இந்த இரண்டு எண்களும் அருகருகே இருக்கும். அவர் எறிந்த பந்தைத் தம் அணியினர் பிடித்து, 6 புள்ளி தரும் டச் டவுனாக மாற்றியது 333 முறை. அவர் எறிந்த பந்தை எதிரணியினர் பறித்துக்கொண்டது 396 முறை. இரண்டாவது எண் கனடிய லீக்கில் இன்றும் முறியடிக்கப்படாத சாதனை, அதாவது எந்த ஆட்டக்காரரும் விரும்பாத சாதனை. ஆனாலும் இதே மனிதர்தான் 1970லும் 1976லும் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1982இல் கனடிய ஃபுட்பால் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். பிறகு பயிற்சியாளராக இரண்டு வெவ்வேறு அணிகளுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

பந்தை இத்தனை முறை பறிகொடுத்தவர் எப்படி இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆனார் என்ற கேள்விக்கு விடை அவருடைய கைத்திறனில் மட்டும் இல்லை. அந்த விளையாட்டின் விதிகளுக்குள்ளும் இருக்கிறது. விதிகள் தெரியாமல் எண்களைப் படித்தால் லங்காஸ்டர் ஓர் அவசரக்காரராகத்தான் தெரிவார். ஆகவே முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம்.

ஆட்டம் என்ன?

கனடிய ஃபுட்பால், உலகக்கோப்பையில் நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது, முன்னோக்கி எறிவது, எப்போதாவது உதைப்பது என்று நடக்கும் ஆட்டம். அமெரிக்க ஃபுட்பாலின் நெருங்கிய உறவு. இரண்டும் ரக்பியிலிருந்து பிரிந்து வளர்ந்தவை. இறுதிப்போட்டியில் வெல்பவருக்குக் கிரே கோப்பை. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஏர்ல் கிரே 1909இல் கொடுத்தது அது. டொராண்டோவில் உறவினர் இருக்கும் வாசகர்கள் நவம்பர் மாதத்தில் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்.

தாக்கும் அணியிடம் பந்து இருக்கிறது. அது 10 கெஜம் முன்னேற வேண்டும். அதற்கு அமெரிக்காவில் நான்கு வாய்ப்புகள். கனடாவில் மூன்றே மூன்று. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். 10 கெஜத்தைக் கடந்துவிட்டால் மறுபடி மூன்று டவுன்கள் கிடைக்கும். கடக்க முடியாவிட்டால் பந்து, அது நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். அது நம் கோலுக்கு அருகே நடந்தால் பெரும் ஆபத்து. அதனால் மூன்றாவது டவுன் வந்ததும் பெரும்பாலான அணிகள் பந்தை எதிர்முனையை நோக்கித் தூர உதைத்துவிடுகின்றன.

இதன் விளைவைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். மூன்றாவது டவுன் உதைப்பதற்குப் போய்விடுகிறது என்றால், 10 கெஜத்தைக் கடக்க உண்மையில் இருப்பவை இரண்டு டவுன்கள்தாம். முதல் டவுனில் ஒருவர் பந்தோடு கூட்டத்துக்குள் புகுந்து ஓடி 3 கெஜம் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 7 கெஜம்; கையில் ஒரே வாய்ப்பு. ஓட்டத்தில் 7 கெஜம் எடுப்பது எளிதல்ல. எறிந்தாக வேண்டும். எதிரணிக்கும் அது தெரியும். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஆறு பந்து என்பதை நான்காகக் குறைத்துவிட்டு, எடுக்க வேண்டிய ஓட்டத்தை அப்படியே விட்டால் மட்டையாளர் எப்படி ஆடுவார்? ஏறத்தாழ அந்த நிலைதான் இங்கே ஒவ்வொரு முறையும்.

இந்த நெருக்கடிக்கு ஈடாக ஆடுகளம் சில சலுகைகளைத் தருகிறது. மைதானத்தின் அகலம் 65 கெஜம். அமெரிக்க மைதானம் 53 கெஜம் சொச்சம்தான். அணிக்கு 12 பேர், அமெரிக்காவில் 11. அந்தப் பன்னிரண்டாவது ஆள் தாக்கும் தரப்பில் பெரும்பாலும் பந்து பிடிக்க ஓடும் ரிசீவராக இருப்பார். பந்து ஆட்டத்துக்குள் வருவதற்கு முன்பே பின்வரிசையில் இருப்பவர்கள் ஓடத் தொடங்கலாம். பந்து நகரும் நொடியில், பந்து வைக்கப்பட்டிருந்த கோட்டை முழு வேகத்தில் கடக்கலாம். தடுப்பவர்களோ பந்திலிருந்து ஒரு கெஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும். அகலமான வெளி, கூடுதலாக ஒரு ஆள், முன்கூட்டியே ஓடும் உரிமை: மூன்றும் சேர்ந்து எறிபவரின் கையை வலுப்படுத்துகின்றன.

மைதானத்தின் நீளம் 110 கெஜமாகவே நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. 2027 முதல் அதை 100 கெஜமாகக் குறைக்கப்போவதாக லீக் 2025 செப்டம்பரில் அறிவித்தது. மூன்று டவுன்களும் 12 பேரும் மைதானத்தின் அகலமும் மாறவில்லை. ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது லீக்குக்கும் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எறிபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஒவ்வொரு டவுனிலும் பந்து முதலில் வந்து சேர்வது அவர் கைக்குத்தான். ஓடுபவரிடம் கொடுப்பதா, எறிவதா, எறிந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவர்களில் யாருக்கு என்பதை இரண்டு மூன்று நொடிகளுக்குள் தீர்மானிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவரைத் தரையில் சாய்க்கப் பெரிய உருவம் கொண்ட ஆட்கள் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், லங்காஸ்டரைப் புரிந்துகொள்ள மிக முக்கியமானது. இன்று எந்த டவுனில் என்ன நகர்வு என்பதைப் பெரும்பாலும் பயிற்சியாளர் குழு முடிவு செய்து உள்ளே அனுப்புகிறது. 1960களிலும் 70களிலும் குவார்ட்டர்பேக்தான் அதைத் தீர்மானித்தார். அணியினரை வட்டமாகக் கூட்டி, அடுத்து இதைச் செய்கிறோம் என்று அவரே அறிவிப்பார். அதாவது, இன்று பயிற்சியாளர் செய்யும் வேலையில் பாதியை அன்று குவார்ட்டர்பேக் மைதானத்துக்கு உள்ளே நின்று செய்துகொண்டிருந்தார்.

500 டாலர்

லங்காஸ்டர் 1938 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஒஹாயோவில் விட்டன்பர்க் என்ற சிறிய கல்லூரியில் ஆடினார். உயரம் ஆறடியைத் தொடவில்லை. முன்னே நிற்கும் வாட்டசாட்டமான ஆட்களின் தோள்களுக்கு மேலே பார்த்து எறிய வேண்டிய பொறுப்புக்கு இது குறைவு என்றுதான் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் அன்று கருதின. அவர் 1960இல் எல்லை தாண்டி ஒட்டாவா ரஃப் ரைடர்ஸ் அணியில் சேர்ந்தார். அதே ஆண்டில் ஒட்டாவா கிரே கோப்பையை வென்றது.

ஆனால் ஒட்டாவாவில் ஏற்கெனவே ரஸ் ஜாக்சன் இருந்தார். கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவர், இன்றும் அந்த நாட்டின் மிகச்சிறந்த உள்நாட்டுக் குவார்ட்டர்பேக்காகக் கருதப்படுபவர். ஒரே இடத்துக்கு இரண்டு பேர். மூன்று பருவங்கள் மாறி மாறி ஆடிய பிறகு ஒட்டாவா ஜாக்சனை வைத்துக்கொண்டது. லங்காஸ்டரை 1963இல் சஸ்காட்செவன் ரஃப்ரைடர்ஸ் அணிக்கு 500 டாலருக்கு விற்றது. ஒன்பது அணிகள் கொண்ட ஒரு லீக்கில் ஏறத்தாழ ஒரே பெயரில் இரண்டு அணிகள் இருந்தது புதியவர்களைக் குழப்பும். ஒட்டாவா அணி 1996இல் மூடப்பட்டதோடு அந்தக் குழப்பம் தீர்ந்தது.

சஸ்காட்செவன், கோதுமை விளையும் பரந்த சமவெளி மாகாணம். அதன் தலைநகர் ரெஜைனாவின் மக்கள்தொகை அன்று ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. ரஃப்ரைடர்ஸ் எந்தத் தனி முதலாளிக்கும் சொந்தமில்லாத அணி. அது அந்தச் சமூகத்தின் பொதுச் சொத்து. அதுவரை கிரே கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. லங்காஸ்டர் வந்த அதே 1963இல் ஜார்ஜ் ரீட் என்ற ஃபுல்பேக்கும் அங்கே வந்து சேர்ந்தார். ரீட் பந்தோடு ஓடுபவர். தன் வாழ்நாளில் 16,116 கெஜம் ஓடி முடித்தார். ஒருவர் எறிய, ஒருவர் ஓட, அடுத்த டவுனில் எது வரப்போகிறது என்று எதிரணியால் ஊகிக்க முடியாமல் போனது. அந்த ஊகத்தைக் குலைப்பதுதான் லங்காஸ்டரின் முழுநேர வேலை.

முதல் ஆண்டிலேயே அவர் யாரென்று ரெஜைனாவுக்குத் தெரிந்துவிட்டது. பிளேஆஃப் எனப்படும், இறுதிப்போட்டிக்கு முந்தைய தகுதிச் சுற்றில் கால்கேரியுடன் இரண்டு ஆட்டங்கள்; இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் முறை. கால்கேரியில் நடந்த முதல் ஆட்டத்தில் ரஃப்ரைடர்ஸ் 35-9 என்று தோற்றது. 26 புள்ளிப் பள்ளம். இரண்டாவது ஆட்டம் நவம்பர் 11 அன்று ரெஜைனாவின் டெய்லர் ஃபீல்டு மைதானத்தில். அங்கே லங்காஸ்டர் எறிந்துகொண்டே இருந்தார். ரஃப்ரைடர்ஸ் 39-12 என்று வென்றது. கூட்டிப் பார்த்தால் 48-47. ஒரே ஒரு புள்ளி! அந்த ஆட்டத்துக்கு ‘டெய்லர் ஃபீல்டின் சிறிய அற்புதம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது 396க்குத் திரும்பிப் பாருங்கள். 26 புள்ளி பின்தங்கிய அணி பத்திரமாக ஆடினால் கௌரவமாகத் தோற்கலாம், வெல்ல முடியாது. பின்தங்கும்போது எறிய மறுக்காதவரின் கணக்கில்தான் பறிபோன பந்துகள் சேரும்.

29 என்ற எண்ணைப் படிப்பது

1966 நவம்பர் 26, வான்கூவரின் எம்பயர் ஸ்டேடியம். கிரே கோப்பை இறுதிப்போட்டி. எதிரே ஒட்டாவா, ஒட்டாவாவின் குவார்ட்டர்பேக், ரஸ் ஜாக்சன். 500 டாலருக்கு அனுப்பப்பட்டவரும் அவரை அனுப்பிவிட்டு வைத்துக்கொள்ளப்பட்டவரும் நேருக்கு நேர். சஸ்காட்செவன் 29, ஒட்டாவா 14.

புதிதாக ஆட்டம் கற்பவர்களுக்கு இந்த 29 நல்ல பாடம். பந்தோடு எதிரணியின் கோல் பகுதிக்குள் நுழைந்தால் டச் டவுன், 6 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1. சஸ்காட்செவன் நான்கு டச் டவுன்கள் அடித்து, நான்கு முறையும் உதையில் வென்றது. 28. அவற்றில் மூன்று, லங்காஸ்டர் எறிந்து ஜிம் வார்டன், அலன் ஃபோர்டு, ஹ்யூ கேம்பல் ஆகியோர் பிடித்தவை. நான்காவது ஜார்ஜ் ரீட் ஓடி எடுத்தது. மிச்சமிருக்கும் அந்த ஒற்றைப் புள்ளி எங்கிருந்து வந்தது?

அது ரூஜ். கனடிய ஆட்டத்துக்கே உரிய புள்ளி. நாம் உதைத்த பந்து எதிரணியின் கோல் பகுதிக்குள் போய், அவர்களால் அதை வெளியே கொண்டுவர முடியாவிட்டால் நமக்கு 1. ஒட்டாவாவின் 14இல் விடுகதை எதுவும் இல்லை. ஜாக்சன் எறிந்து விட் டக்கர் பிடித்த இரண்டு நீளமான டச் டவுன்கள். இடைவேளையில் 14-14 என்று சமநிலை. ஆட்டத்தை முடித்துவைத்தவை கேம்பல் பிடித்த பந்தும் ரீடின் ஓட்டமும். ரெஜைனாவுக்கு அது முதல் கோப்பை.

கேம்பல் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வருவார்.

அடுத்த ஆண்டு இறுதிப்போட்டியில் ஹாமில்டன் 24, சஸ்காட்செவன் 1. அந்த 1 என்ன என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

தோற்ற இறுதிப்போட்டிகள்

1966க்குப் பிறகு சஸ்காட்செவன் லங்காஸ்டருடன் நான்கு முறை இறுதிப்போட்டிக்குப் போனது. நான்கிலும் தோற்றது. 1967ஐச் சொல்லிவிட்டேன். 1969இல் 29-11 என்று ஒட்டாவாவிடம். ஜாக்சனின் கடைசி ஆட்டம் அது, அவர் நான்கு டச் டவுன்கள் எறிந்து விடைபெற்றார்.

1972இல் நடந்தது வேறு விதமான வலி. ஹாமில்டன் மண்ணில், ஹாமில்டனுக்கு எதிராக, 10-10 என்று சமநிலை. கடைசி நகர்வில் இயன் சண்டர் என்ற மிக இளம் உதைப்பாளர் ஃபீல்டு கோல் அடித்தார். கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் பெறும் 3 புள்ளி அது. 13-10. 1976இல் டொராண்டோவில், 38 வயது லங்காஸ்டர் தம் இரண்டாவது மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற பருவத்தில், 20-16 என்று முன்னணியில் இருக்கையில், இருபது நொடி மிச்சமிருக்கும்போது ஒட்டாவாவின் டாம் கிளெமென்ட்ஸ் எறிந்த பந்தை டோனி கேப்ரியல் கோல் பகுதியில் பிடித்தார். 23-20. அந்த இரண்டு கடைசி நகர்வுகளின்போதும் லங்காஸ்டர் களத்திலேயே இல்லை. குவார்ட்டர்பேக் தாக்கும்போது மட்டுமே ஆடுவார். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதைத் தவிர அவரால் ஆகக்கூடியது எதுவுமில்லை. ஒரு கோப்பை மட்டுமே வென்றார் என்று அவர் சஸ்காட்செவன் காலத்தை மதிப்பிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆண்டு தவறாமல் மேற்குப் பிரிவின் உச்சத்தில் ஓர் அணியை நிறுத்தி வைத்ததுதான் பெரிய செயல்.

1978இல் ஓய்வு பெற்றபோது அவர் எறிதல் கணக்கில் 50,535 கெஜம். 50,000ஐக் கடந்த முதல் கனடிய லீக் ஆட்டக்காரர் அவரே. 6,233 முறை எறிந்து 3,384 முறை இலக்கைச் சேர்த்திருக்கிறார், நூற்றுக்கு 54. இன்றைய குவார்ட்டர்பேக்குகள் நூற்றுக்கு 65ஐச் சாதாரணமாகத் தாண்டுகிறார்கள். எனவே லங்காஸ்டர் குறி தவறுபவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்று எறிதல்களில் பெரும்பகுதி குறுகிய தூரத்துக்குப் பாதுகாப்பாகப் போகிறது. அன்று எறிவதென்றால் பெரும்பாலும் தூரத்துக்கு எறிவது. அவருடைய கெஜங்களை எறிதல்களால் வகுத்துப் பாருங்கள்: ஓர் எறிதலுக்கு 8 கெஜத்துக்கும் மேல். நூற்றுக்கு 54 மட்டுமே இலக்கைச் சேர்ந்தும் இந்தச் சராசரி வருகிறது என்றால், சேர்ந்த ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்! அதற்குக் கொடுத்த விலைதான் 396. அந்த வியாபாரம் அவருக்கு லாபமாகவே முடிந்தது.

28 தோல்விகள்

அவருடைய கடைசிப் பருவம் கசப்பானது. 16 ஆண்டுகள் ஆடிய டெய்லர் ஃபீல்டில், கடைசி உள்ளூர் ஆட்டத்தில் ரெஜைனா ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். ஒரு வாரம் கழித்து எட்மன்டனில், மாற்று ஆட்டக்காரராக இறங்கி அணியை வெற்றிக்குக் கொண்டுபோனார். எழுந்து நின்று கைதட்டியவர்கள் எதிரணியின் ரசிகர்கள்.

உடனே, 1979இல், அதே ரஃப்ரைடர்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. ஆட்டக்காரருக்கும் பயிற்சியாளருக்கும் நடுவே ஒரு நாள்கூட இடைவெளி இல்லை என்று சொல்லலாம். 16 ஆட்டங்களில் 2 வெற்றி, 14 தோல்வி. 1980இல் மறுபடியும் 2 வெற்றி, 14 தோல்வி. 32 ஆட்டங்களில் 28 தோல்வியோடு வேலை போனது.

களத்தில் அத்தனை கூர்மையாக முடிவெடுத்தவர் வெளியே நின்றபோது ஏன் சரிந்தார்? அணி ஏற்கெனவே நைந்துபோயிருந்தது என்பது முதல் காரணம். 1977 தொடங்கி 1987 வரை சஸ்காட்செவன் பிளேஆஃப்புக்கே போகவில்லை. அவருக்கு முன்பும் பின்பும் வந்த பயிற்சியாளர்களாலும் முடியவில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. நகர்வைத் தானே அறிவித்துப் பழகிய குவார்ட்டர்பேக்கின் அறிவு பெரும்பகுதி கண்ணிலும் கையிலும் இருக்கிறது. தடுப்பாளர் ஒருவர் அரையடி இடப்பக்கம் நகர்வதைப் பார்த்ததும் கை தானாக வலப்பக்கம் எறிகிறது. அதை 22 வயது இளைஞருக்குச் சொல்லில் விளக்கி, வாரம் முழுவதும் பயிற்சியாக மாற்றி, அவர் கையால் செய்யவைப்பது முற்றிலும் வேறு தொழில். அதோடு தடுப்பு ஆட்டத்தையும் உதைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தனை கனடியர்கள் அணியில் இருந்தே ஆக வேண்டும் என்ற லீக்கின் விகித விதிக்குள் ஆட்களைப் பொருத்த வேண்டும். குவார்ட்டர்பேக்காக இருந்த காலத்தில் இவை எதுவும் அவர் கவலை அல்ல.

வேதனை என்னவென்றால், அதே ஆண்டுகளில் எட்மன்டனின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ஹ்யூ கேம்பல். 1966இல் லங்காஸ்டர் எறிந்த பந்தைப் பிடித்த அதே கேம்பல். எட்மன்டன் 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து கிரே கோப்பைகளை வென்றது. எறிந்தவர் 28 தோல்விகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பிடித்தவர் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஒலிவாங்கிக்குப் பின்னால் பத்தாண்டுகள்

லங்காஸ்டர் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் தொலைக்காட்சிக்குப் போனார். 1980கள் முழுவதும் வர்ணனையாளர் டான் விட்மனுக்குப் பக்கத்தில் அமர்ந்து ஆட்டங்களை விளக்கினார். பெரும்பாலானவர்கள் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது இந்தப் பத்தாண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் நடுப்பகுதி என்று தோன்றுகிறது. களத்துக்குள் நிற்கும் குவார்ட்டர்பேக் எதிரே இருப்பவர்களின் ஊடாக, இடுக்குகளின் வழியே ஆட்டத்தைப் பார்க்கிறார். வர்ணனை அறையோ உயரத்தில் இருக்கிறது. இருபத்து நான்கு பேரும் ஒரே சமயத்தில் தெரிவார்கள். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு அணிகள், வேறு வேறு பயிற்சியாளர்களின் திட்டங்கள். நடந்ததை அடுத்த டவுன் தொடங்குவதற்குள், ஆட்டமே தெரியாதவருக்கும் விளங்கும்படி சில வாக்கியங்களில் சொல்லியாக வேண்டும். 1979இல் அவரிடம் இல்லாத திறமை எதுவோ, அதை வாரந்தோறும் பழக வைக்கும் வேலை அது.

1991இல் எட்மன்டன் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. அப்போது அந்த அணியின் பொது மேலாளர் ஹ்யூ கேம்பல். பத்தாண்டுக்கு முன் 28 தோல்விகளோடு வெளியேறிய 52 வயதுக்காரருக்கு இப்படியொரு அணியைக் கொடுக்கத் துணிந்தவர், அவரோடு ஒரே வட்டத்தில் நின்று அடுத்த நகர்வைக் கேட்டிருந்தவர். நடந்ததை எண்கள் சொல்லும்: ஏழு பருவங்கள், 83 வெற்றி, 43 தோல்வி. எந்தப் பருவத்திலும் பத்து வெற்றிக்குக் குறையவில்லை. இன்று எல்க்ஸ் என்று அழைக்கப்படும் அணி அது.

1993 இறுதிப்போட்டி கால்கேரியில். எட்மன்டன் 33, வின்னிபெக் 23. ஷான் ஃப்ளெமிங் ஆறு ஃபீல்டு கோல்கள் உதைத்தார். எறிந்து எறிந்தே பெயர் வாங்கியவரின் அணி, பயிற்சியாளராக அவர் பெற்ற முதல் கோப்பையில் பாதிக்கும் மேற்பட்ட புள்ளிகளை உதைப்பாளரின் காலால் எடுத்தது! 3 புள்ளி கிடைக்கும் இடத்தில் 3 போதும் என்று ஏற்றுக்கொள்ளும் பொறுமை அது. 1963இன் லங்காஸ்டரிடம் அதற்கு இடமில்லை. 1993இன் லங்காஸ்டரிடம் இருந்தது.

அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராகத் தேர்வானவர் எட்மன்டனின் குவார்ட்டர்பேக் டேமன் ஆலன். ஏழு ஆண்டுகள் கழித்து, 2000இல், வேறு அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது, 50,535 கெஜம் என்ற சாதனையைத் தாண்டியவரும் அவரே. தன் சாதனையை முறியடிக்கப்போகிறவரை வைத்துக்கொண்டே கோப்பை வென்ற பயிற்சியாளர்கள் விளையாட்டு வரலாற்றில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

1996இல் மீண்டும் இறுதிப்போட்டி. ஹாமில்டனில் கொட்டும் பனியில் டொராண்டோவிடம் 43-37 என்று தோல்வி. ஆனால் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கு.

ஹாமில்டன்

ஹாமில்டன் டைகர்-கேட்ஸ் 1997இல் 18 ஆட்டங்களில் இரண்டே இரண்டில் வென்றிருந்தது. 1998இல் லங்காஸ்டர் வந்தார். எட்மன்டனில் அவரிடம் ஆடிய குவார்ட்டர்பேக் டேனி மெக்மேனஸும் ரிசீவர் டேரன் ஃப்ளூட்டியும் அவரோடு வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டு 12 வெற்றி, 5 தோல்வி, ஒன்று சமன். இறுதிப்போட்டிக்கே போய்விட்டார்கள். அங்கே கால்கேரியின் மார்க் மெக்லாக்லின் கடைசி நகர்வில் ஃபீல்டு கோல் உதைத்து 26-24 என்று வென்றார். 1972ஐ எல்லைக்கோட்டில் நின்று பார்த்தவருக்கு, அதே போன்ற முடிவு, அதே எல்லைக்கோட்டில்.

இந்த முறை மறுவாய்ப்பு கிடைத்தது. 1999இல் அதே இரு அணிகள், வான்கூவரில். ஹாமில்டன் 32, கால்கேரி 21. ஆண்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதும் இறுதிப்போட்டி விருதும் மெக்மேனஸுக்கே. அதற்குப் பிறகு ஹாமில்டன் பலமுறை இறுதிப்போட்டிக்கு வந்திருக்கிறது, கோப்பை கிடைக்கவில்லை.

பிற்பகுதி இறங்குமுகம். அணியின் நிதிநிலை சீர்குலைந்த 2003இல் ஒரு வெற்றி, 17 தோல்வி. அவர் நிர்வாகப் பொறுப்புக்கு மாறினார். 2006இல் பருவத்தின் நடுவே பயிற்சியாளர் நீக்கப்பட்டபோது இடைக்காலமாக மறுபடி எல்லைக்கோட்டில் வந்து நின்றார். மொத்தம் 142 வெற்றிகள். 2008 செப்டம்பர் 18 அன்று, 69 வயதில் மறைந்தார். அவர் அணிந்த 23ஆம் எண்ணை ரஃப்ரைடர்ஸ் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

எண்களை எப்படிப் பார்ப்பது

எறிதல் சாதனை இப்போது எங்கோ போய்விட்டது. டேமன் ஆலன் 72,381 கெஜத்தில் முடித்தார். 2011இல் மான்ட்ரியாலின் அந்தோனி கல்வியோ அவரைத் தாண்டி, 79,816இல் நிறுத்தினார். கல்வியோவும் பிறகு பயிற்சியாளர் ஆனார். இந்த மூன்று எண்களையும் அப்படியே அடுக்கிப் பார்ப்பது சரியாகாது. லங்காஸ்டர் ஒட்டாவாவில் இருந்தபோது கிழக்குப் பிரிவு அணிகள் பருவத்துக்கு 14 ஆட்டங்கள்தாம் ஆடின, சஸ்காட்செவனில் 16. 1986 முதல் எல்லா அணிகளுக்கும் 18. குவார்ட்டர்பேக்கை அடிப்பதற்கும் ரிசீவரை இடிப்பதற்கும் இருந்த தாராளம் இன்றில்லை.

கனடிய ஃபுட்பாலை முதன்முறையாகப் பார்க்க உட்காருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பந்தைத் துரத்திக் கண்ணை அலைய விடாமல், இரண்டாவது டவுனை மட்டும் கவனியுங்கள். திரையின் ஓரத்தில் ‘இரண்டாவது டவுன், 7 கெஜம்’ என்று வந்ததும், நீங்கள் குவார்ட்டர்பேக்காக இருந்தால் ஓடச் சொல்வீர்களா, அருகில் எறிவீர்களா, தூர எறிவீர்களா என்று பந்து நகர்வதற்குள் முடிவெடுத்துவிடுங்கள். அரைமணி நேரத்தில் ஆட்டம் பிடிபடத் தொடங்கிவிடும்.